ஒரே நாளில் ஓய்வு: கண்டியின் ஞாயிறும் போயாவும்

1966 ஜனவரியில் இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாயிற்று. முந்தைய ஆண்டு பதவிக்கு வந்திருந்த டட்லி சேனநாயக்கவின் அரசு, வாராந்த விடுமுறையை ஞாயிறிலிருந்து எடுத்துப் போயா நாள்களுக்குக் கொடுத்தது. பௌர்ணமி, அமாவாசை, இவற்றுக்கு நடுவே வரும் இரண்டு அட்டமிகள் என்று மாதத்துக்கு நான்கு போயா. ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாள் அரைநாள் லீவு. அலுவலகமும் வங்கியும் பாடசாலையும் பிறைக் கணக்கில் திறந்தன, மூடின. 1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு ஞாயிறைத் திருப்பிக் கொடுத்தது. பௌர்ணமிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது, இன்றும் இருக்கிறது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் நியாயமான மனக்குறை ஒன்று இருந்தது. ஞாயிறு விடுமுறை இந்த நாட்டுக்கு ஐரோப்பியர் ஆட்சியோடு வந்தது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனபின் மலைநாட்டுக்கும் அதே வாரம் வந்து சேர்ந்தது. கண்டி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் நூற்றுக்கு மூன்று பேர் தேறமாட்டார்கள். தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே 1840களில் எழும்பிய புனித பவுல் ஆலயம் நிற்கிறது. அந்த ஆலயத்தின் ஆராதனை நாளில் ஊர் முழுக்க ஓய்ந்திருக்க, பக்கத்து மாளிகையில் சில் என்னும் பௌத்த விரதம் எடுக்க வேண்டியவர் போயா அன்று கந்தோருக்குப் போய்க்கொண்டிருந்தார். இது நூற்றாண்டுக்கு மேல் நீடித்த ஏற்றத்தாழ்வு. 1966ஐ கிறிஸ்தவர்களுக்கு எதிரான வெறும் காழ்ப்பு என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஆனால் அந்த ஐந்தரை ஆண்டுகள் ஒரு கேள்வியைத் திறந்து வைத்தன. ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு எதற்கு? வழிபடவா, உடம்பை ஆற்றவா, வீட்டார் ஒன்றாக இருக்கவா? ஞாயிறு இருந்தவரை இந்த மூன்றும் ஒரே நாளில் கலந்து கிடந்ததால் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. போயா வாரம் அவற்றைப் பிரித்துக் காட்டியது.

சந்திர மாதம் சராசரியாக இருபத்தொன்பதரை நாள். நான்காகப் பகுத்தால் ஒரு போயாவிலிருந்து அடுத்ததற்குச் சில தடவை ஏழு நாள், சில தடவை எட்டு. கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 49 அல்லது 50 ஓய்வு, ஞாயிறென்றால் 52. உலகச் சந்தையோடும் வெளிநாட்டு வங்கிகளோடும் நாள் ஒத்துப்போகாத தொல்லை இதற்கு மேல். ஏற்பாடு கைவிடப்பட்டதற்கு அந்த வணிகத் தொல்லையே முதற் காரணமாகச் சொல்லப்படுகிறது. வீட்டுக்குள் நடந்ததைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை. போயா அன்று அப்பாவுக்கும் லீவு, பிள்ளைக்கும் லீவு. ஆகவே வீட்டாரின் ஓய்வு சிதறவில்லை. சிதறியது வழிபாடு. ஞாயிறன்று வேலைக்கும் பாடசாலைக்கும் போக வேண்டியவர்கள் விடிவதற்கு முன்னோ, வேலை விட்டு வந்த பின்னோதான் ஆலயத்துக்குப் போக முடியும். மாலையில் திருப்பலி நிறைவேற்றப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1953இலேயே இடம் கொடுத்திருந்தார். கத்தோலிக்கருக்கு அது கைகொடுத்தது.

திருச்சபைக்கு இது பழக்கமில்லாத நிலையும் அல்ல. கி.பி. 112ஐ ஒட்டி பித்தினியாவின் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடிவதற்கு முன் கூடுவதாகச் சொல்கிறார். விடியுமுன் கூடியது ஏன் என்றால், விடிந்தபின் அவர்களுக்கு வேலை இருந்தது. அவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். ஞாயிறு ஓய்வுநாள் என்று சட்டம் பிறந்தது 321இல், கான்ஸ்டன்டைன் ஆட்சியில். நீதிபதிகளும் நகரத்தாரும் தொழிலாளரும் ஓய வேண்டும் என்றது அந்தக் கட்டளை. கூடவே ஒரு விலக்கும் வைத்தது: நாட்டுப்புறத்தில் பயிர்செய்வோர் அன்றும் வேலை செய்யலாம், விதைப்புக்கும் கொடி நடுவதற்கும் ஏற்ற பருவம் தவறிவிடக் கூடாது என்று. முதல் முந்நூறு ஆண்டு ஓய்வுநாள் இல்லாமலே விசுவாசம் வளர்ந்தது என்பதை இதிலிருந்து அறிகிறோம். அந்த விலக்கு அதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். பதினேழு நூற்றாண்டு கழித்தும் கண்டிமலைகளில் அது உயிரோடிருக்கிறது.

ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டார். கலஹா, தெல்தோட்டை, ஹந்தானை, பன்விலை, மடுல்கெலை என்று கண்டியைச் சுற்றிய மலைகளில் இன்றும் தேயிலையும், லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசைவீடுகளும் உண்டு. தேயிலைக்குக் கிழமை தெரியாது. மழை விட்டு வெயில் தலைகாட்டினால் கொழுந்து பொங்கும்; நாள் தள்ளினால் முற்றிப் போகும். ஆகவே ஞாயிறு லீவு என்று சட்டம் சொன்னாலும், கொழுந்து அதிகமான மாதங்களில் ஞாயிறும் கூடை தோளில் ஏறும். அன்றைய வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி என்பது நெடுநாளைய ஏற்பாடு. கிலோவுக்கு இவ்வளவு என்று பறித்த அளவுக்குப் பணமாகக் கொடுக்கும் 'கைக்காசு' முறையும் உண்டு. யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஆறு நாள் பேர் போட்டும் கடைக் கணக்கு தீராத வீட்டில், வர மாட்டேன் என்று சொல்லும் சுதந்திரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்று 2015இல் எழுந்த கோரிக்கை நிறைவேற 2021 ஆயிற்று. அதற்குள் 1,000 ரூபாயின் பெறுமதி கரைந்திருந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டில் ஏறத்தாழ 95 சதவீதம் ஏறியிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஞாயிறு ஓய்வைப் பற்றிப் பிரசங்கிக்கும் போதகர், எதிரே இருப்பவரின் அரிசிச் சாக்கையும் மனத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

வேதாகமம் அப்படித்தான் பேசுகிறது. பத்துக் கட்டளைகள் அதில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமத்தில் ஓய்வுநாளுக்குக் காரணம் படைப்பு: ஆறு நாளில் உலகைப் படைத்த கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்தார். உபாகமத்தில் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், உன்னை மீட்டவர் அவர், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் கழுதையும் வாசலுக்குள் இருக்கும் அந்நியனும் உன்னைப் போலவே ஓய வேண்டும். பிரசங்கங்களில் முதற் காரணம்தான் அதிகம் கேட்கிறது. தோட்டத்துக்கு இரண்டாவது காரணம் வேண்டும். ஓய்வு இங்கே பக்தியின் அடையாளமாக மட்டும் இல்லை, அடிமை நிலை முடிந்ததற்கான சாட்சியாகவும் இருக்கிறது. தன் ஓய்வை நினைக்கும்போதே தனக்குக் கீழே வேலைசெய்பவரின் ஓய்வையும் நினைக்கும்படி கட்டளை கேட்கிறது.

மலையகத்தில் திருச்சபை அந்த இரண்டாவது காரணத்தை எவ்வளவு சொன்னது? பதில் ஒரே சீராக இல்லை. 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஆங்கிலிக்கத் தமிழ் மிஷன் கண்டிப் பக்கத்தில் தொடங்கியது. அதன் அந்நாளைய பெயரில் 'கூலி' என்ற சொல் இருந்தது. தோட்டத் துரைமாரின் சந்தாப் பணத்தில் நடந்த மிஷன் அது. உபதேசியார்கள் விடிகாலையில் பெரட்டுக்களத்துக்கே போய், வேலை பிரிக்குமுன் சுவிசேஷம் சொன்னார்கள். சனங்களை எங்கே காணலாமோ அங்கே போனார்கள் என்று இதைப் பாராட்டலாம், நானும் பாராட்டுகிறேன். ஆனால் பெரட்டு வேலைக்கு ஆள் எண்ணும் இடம். அங்கே நின்று, துரையின் தயவில், ஓய்வுநாளின் முழுப் பொருளையும் சொல்வது எளிதாக இருந்திருக்காது.

கத்தோலிக்கப் பக்கம் கண்டிக்கு வியப்பான தொடர்பு ஒன்று உண்டு. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலைபற்றிய புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளிக்கு ஞாயிறு ஓய்வு உரிமை என்றும், அது சோம்பலுக்கோ செலவழிப்புக்கோ உரியதல்ல, கடவுளை நினைக்கும் ஓய்வு என்றும், ஒருவனுடைய வறுமையைக் காட்டி அந்த உரிமையை விலைபேசக் கூடாது என்றும் அதில் வாதிட்டார். இரண்டே ஆண்டு கழித்து, 1893இல், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருக்களை உருவாக்க அதே பாப்பரசர் குருமடம் நிறுவிய இடம் கண்டியை ஒட்டிய அம்பிட்டிய. 1955இல் புனேக்கு மாறும்வரை இயேசு சபையார் அதை நடத்தினார்கள். அந்தக் குன்றிலிருந்து பார்த்தால் ஹந்தானை மலை தெரியும். மடல் படித்துப் பயின்ற இடத்துக்கும் மடல் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த லயங்களுக்கும் நடுவே தூரம் சில கல். அதைக் கடக்க வெகுகாலம் ஆயிற்று. 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற சமூக நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், தோட்டத் தொழிலாளரின் கூலியையும் குடியுரிமையையும் விசுவாசத்தின் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்.

இனி வீட்டுக்குள். வேலையில்லாத ஒரு ஞாயிறு லயத்தில் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். வேலைநாளில் ஆண்களுக்குக் கவ்வாத்து, முள்ளுக்குத்து, மருந்தடிப்பு என்று அளந்து கொடுத்த வேலை பெரும்பாலும் மதியத்தோடு முடிந்துவிடும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு மாலை நிறுவை முடிந்தால்தான் நாள் முடியும். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி சமமாயிற்று, நேரம் சமமாகவில்லை. அந்த வாரம் முழுக்க ஒதுக்கிவைத்த வேலை எல்லாம் ஞாயிறுக்காகக் காத்திருக்கும். விடிந்ததும் அழுக்குத் துணி மூட்டையோடு பீலிக்கரைக்கு. கொழுந்துக் கறை படிந்த படங்கை கல்லில் போட்டுத் தேய்க்க வேண்டும், பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையைத் தனியாக அலச வேண்டும். திரும்பி வந்தால் விறகு. பிறகு காம்பரா மெழுகுவது, பிள்ளைக்குத் தலைபார்ப்பது, ஒரு கறி கூடுதலாகச் சமைப்பது. நடுவே ஒன்பது மணிக்கு ஆராதனை. அங்கே பாய் விரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அவளே. மாலையில் அடுத்த நாள் ரொட்டிக்கு மா பிசையும்போது அவளுக்கு ஓய்வுநாள் எங்கே வந்து எங்கே போனது?

அவளுடைய ஓய்வைச் சேர்க்காமல் குடும்ப நலத்தைக் கணக்கிட முடியாது. திருச்சபை இந்த இடத்தில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்குப் பின் மாதர் சங்கம், பிறகு ஜெபக்கூட்டம், பிறகு வீடு சந்திப்பு என்று நாளை நிரப்பும் சபை, பிறர் எடுக்காமல் விட்ட அவளுடைய கடைசி மணிநேரத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது.

இதற்கு மாற்றான ஒரு பழக்கம் கண்டியிலேயே இருக்கிறது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் காப்பவர்கள். மயிலபிட்டியவில் அவர்களுடைய லக்பஹான கல்லூரியும் குருத்துவப் பயிற்சிக்கூடமும், கண்டி வாவிக்கரையில் ஆஸ்பத்திரியும் உண்டு. 1966இலும் சரி 1971இலும் சரி, எந்தச் சட்டமும் அவர்கள் நாளை எண்ணி எழுதப்படவில்லை. அதனாலேயே அவர்கள் ஓய்வை வீட்டுக்குள் கட்டிக்கொள்ளப் பழகினார்கள். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு ஆயத்தநாள். சூரியன் சாயுமுன் சமையல் முடிய வேண்டும், துணி துவைத்திருக்க வேண்டும், வீடு துடைத்திருக்க வேண்டும். சாய்ந்தபின் மறுநாள் மாலைவரை கடை இல்லை, கூலிவேலை இல்லை, பரீட்சைப் படிப்பும் இல்லை. ஆயத்தநாள் வேலையும் தாய் தலையில் மட்டும் விழுந்தால் நாள் மாறியதே தவிர பாரம் மாறவில்லை. ஆனால் முடிக்க வேண்டிய நேரம் ஒன்று குறிக்கப்பட்டிருப்பதால், மற்றவர் கையும் வேலைக்கு வர ஒரு கட்டாயம் பிறக்கிறது. ஓய்வு தானாக வராது, யாரோ அதற்காக முன்கூட்டி உழைக்க வேண்டும் என்பதை மற்ற சபையாரைவிட அவர்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இவர்களின் உடல்நலம் பற்றிய ஆய்வுகள் பரவலாக மேற்கோள் காட்டப்படுகின்றன. கலிபோர்னியாவின் அட்வென்டிஸ்ட் ஆண்கள் அந்த மாநிலத்து மற்ற ஆண்களைவிடச் சராசரியாக 7.3 ஆண்டும், பெண்கள் 4.4 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2001இல் வெளியான ஆய்வு சொன்னது. ஓய்வுநாளுக்கான சான்றிதழாக இதை நீட்டுவோர் உண்டு. அது தவறு. அவர்கள் புகைப்பதில்லை, குடிப்பதில்லை, பலர் மரக்கறி உணவுக்காரர். அந்த ஆண்டுகளில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. 2016இல் வெளியான இன்னோர் ஆய்வு, 74,000க்கு மேற்பட்ட அமெரிக்கத் தாதியரை 16 ஆண்டு தொடர்ந்தது. வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வழிபாட்டுக்குப் போனவர்களின் இறப்பு விகிதம், போகாதவர்களுடையதைவிட 33 சதவீதம் குறைவு. சமூக ஆதரவு, புகையாமை, மனச்சோர்வுக் குறைவு ஆகியவை இதில் ஒரு பகுதியை விளக்கின. தனியே வீட்டில் படுத்திருப்பதால் வரும் நன்மை அல்ல இது, கூடிவருவதால் வருவது.

கூடிவர ஒரே நாள் வேண்டும். இதைச் சோவியத் ஒன்றியம் எதிர்மறையாக நிரூபித்தது. 1929இல் அது ஞாயிறை ஒழித்து, ஆலைகள் நிற்காமல் ஓட ஐந்து நாள் சுழற்சி கொண்டுவந்தது. தொழிலாளர் ஐந்து பிரிவு. பிரிவுக்கு ஒரு நிறம். நான்கு நாள் வேலை, ஒருநாள் ஓய்வு. எண்ணிக்கையில் ஓய்வு கூடியது. ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு இன்னொரு நாள், பிள்ளைக்கு வேறொரு நாள். வீட்டில் யாரும் இல்லாதபோது கிடைக்கும் லீவு எதற்கு என்று முறைப்பாடுகள் எழுந்தன. 1931இல் ஆறு நாள் வாரமாக மாற்றினார்கள், 1940இல் ஞாயிறு திரும்பியது. மதத்தையும் ஒழிக்க வந்த ஏற்பாடு குடும்பத்தில்தான் முதலில் இடித்தது. 2014இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கிறிஸ்டோபல் யங்கும் சேயூன் லிம்மும் கண்டது இதையே வேறு வழியில் சொல்கிறது: வேலை இல்லாதவர்களுக்குக்கூட வார இறுதியில் மனநிலை உயர்கிறது. அவர்களுக்கு ஏழு நாளும் ஓய்வுதான். மற்றவர்களுக்கும் ஓய்வாக இருக்கும் நாளில்தான் அது அவர்களுக்கு இனிக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் போயா வாரத்தை நான் முன்பைவிட மதிக்கிறேன். ஒழுங்கற்றதாக இருந்தாலும் அது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. போயா அன்று இலங்கையில் மதுக்கடை திறக்கக் கூடாது, தவறணை பூட்டியிருக்கும். ஞாயிறுக்கு அந்தக் காவல் இல்லை. அமெரிக்க மாநிலங்கள் ஞாயிறு வணிகத் தடையை நீக்கியபோது ஆலயத்துக்குப் போவது குறைந்து குடியும் போதையும் கூடியதாக க்ரூபர், ஹங்கர்மன் என்ற பொருளியலாளர்கள் 2008இல் காட்டினார்கள். கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் இருக்கும் தோட்டத்தில் பூட்டு மட்டும் போதாது என்பது உண்மை. ஆனாலும் கூலிக்காசு கையில் இருக்கும் ஓய்வுநாளில் தவறணைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு தடையாவது இருக்க வேண்டும் என்ற பௌத்த ஏற்பாட்டிலிருந்து கிறிஸ்தவர் கற்க இடமுண்டு. 1980களுக்குப் பின் தோட்டங்களில் பரவிய பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் பெண்கள் முதலில் போனதற்கு, குடியை விடும்படி புருஷனைக் கேட்கும் ஓர் இடம் அங்கே கிடைத்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இப்போது கண்டியில் குடும்ப ஓய்வைச் சிதறடிப்பது பெரும்பாலும் வேறு இரண்டு. ஒன்று சுழற்சி வேலை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்தில் 28 மணிநேரத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு ஒன்றரை நாள் ஓய்வு கொடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது அளவைச் சொல்கிறது, வீட்டார் நாள்கள் ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லவில்லை. சுற்றுலா விடுதியில் அப்பாவுக்குச் செவ்வாய், நகரத்துக் கடையில் அக்காவுக்கு வியாழன், கொழும்பில் நிற்கும் தம்பிக்குத் தீபாவளிக்கோ நத்தாருக்கோதான் லீவு என்றால், அந்த வீட்டில் ஓய்வு உண்டு, ஓய்வுநாள் இல்லை.

மற்றது டியூஷன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை ஞாயிறு காலையே வகுப்புக்கு வசதியான நேரம். ஞாயிறு பாடசாலைக்கு வராத பிள்ளை எங்கே என்று போதகர் கேட்டால் தாய் தலைகுனிகிறாள். அனுப்பாவிட்டால் பிள்ளை பின்தங்கும் என்ற பயம் அவளுக்கு. இதில் அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை லயத்தைவிட்டு வெளியேற அவளுக்குத் தெரிந்த ஒரே படி பரீட்சைதான்.

ஆனால் 1966இல் இல்லாத ஒரு வாய்ப்பு இதில் இருக்கிறது. பௌத்த தஹம் பாடசாலைகள், 1880களில் கிறிஸ்தவ ஞாயிறு பாடசாலையைப் பார்த்து உருவானவை, இப்போது நடப்பதும் ஞாயிறு காலையில்தான். அவற்றிலிருந்தும் டியூஷன் பிள்ளைகளை இழுக்கிறது. ஞாயிறு காலை வகுப்புகளை நிறுத்தும்படி பௌத்த பிக்குகளும் கத்தோலிக்க ஆயர்களும் தனித்தனியே கேட்டுவந்திருக்கிறார்கள். கண்டியில் மல்வத்தை, அஸ்கிரிய பௌத்த பீடங்களும் கத்தோலிக்க ஆயர் இல்லமும் ஒரே நகரத்துக்குள் இருக்கின்றன. ஒருவர் வாசலுக்கு மற்றவர் நடந்தே போகலாம். எல்லா மதப் பிள்ளைகளுக்கும் ஞாயிறு மதியம்வரை வகுப்பு வேண்டாம் என்று இங்கிருந்து ஒரே குரலில் கேட்டால், அதை ஒரு மதத்தின் சலுகை என்று யாரும் தள்ள முடியாது. தோட்டக் கம்பனிகளிடமும் அதே குரலில் ஒன்று கேட்கலாம்: கொழுந்து பொங்கும் மாதத்தில் ஞாயிறு வேலை தவிர்க்க முடியாததென்றால், அந்த வாரத்தில் வேறொரு நாளை அந்த மலை முழுவதற்கும் ஒரே லீவாகக் கொடுக்க வேண்டும், அன்று குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பரா திறந்திருக்க வேண்டும், தாய்மார் தூங்குவதற்கு.